நான்கு ஊர், ஒரே சுற்று: சிறு ஊர் இசை, கலை விழாக்காரர்கள் கைகோப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து கலைஞரை வரவழைக்கும் சிறு ஊர் சபாவுக்குச் சன்மானத்தைவிட அதிகம் உறுத்துவது வழிச்செலவுதான். அதே கலைஞர் பத்து நாள் முன்பு அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊருக்கு வந்துபோயிருப்பார். இரண்டு செயலாளர்களுக்கும் அது நோட்டீஸ் அச்சான பிறகுதான் தெரியவரும்.

இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது 150 பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸாப் குழு. முதல் வாரம் அறிமுகம், இரண்டாம் வாரம் காலை வணக்கப் படங்கள், மூன்றாம் மாதம் சத்தமே இல்லை. இன்னும் சிலர் கூட்டமைப்பு என்று பெயர் வைத்து, லெட்டர்பேடு அடித்து, தலைவர் யார் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருப்பதுதான் கோளாறு. முதலில் ஒரே ஒரு கலைஞர் குழுவை நான்கு ஊருக்குச் சேர்ந்து அழைத்து, கணக்கைச் சண்டையில்லாமல் முடியுங்கள். பெயரும் லெட்டர்பேடும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால்.

கீழே உள்ளவை கர்நாடக இசைக் கச்சேரியை மையமாக வைத்து எழுதியவை. நடனம், நாகஸ்வரம், தெருக்கூத்து எங்கே மாறுபடுகின்றனவோ அங்கங்கே குறிப்பு இருக்கிறது.

1. ஆள் தேடும் முன்: உங்கள் விழாவுக்கு ஒரு பக்கத் தாள்

பக்கத்து ஊர்ச் செயலாளரிடம் பேசப் போகும்போது கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். அதில் இவை போதும்: விழா நடக்கும் மாதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நகர்த்த முடியும், அரங்கம் எது, எத்தனை இருக்கை, மேடையின் நீள அகலம், ஜெனரேட்டர் உண்டா, கடந்த இரண்டு ஆண்டு நிகழ்ச்சி நிரல், ஒரு கச்சேரிக்கு எவ்வளவு சன்மானம் தர முடியும் என்ற வரம்பு.

கடைசி விவரத்தைப் பலரும் மறைப்பார்கள். மறைத்தால் மூன்று மாதம் பேசிவிட்டு, உங்களால் முடியாத கலைஞருக்குத் தேதி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சரியான எண் வேண்டாம், "40 ஆயிரம் முதல் 70 ஆயிரம் வரை" என்பதுபோல் ஒரு வரம்பு போதும்.

சபாவின் பெயரில் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இருக்கட்டும். தனிநபர் கணக்கிலிருந்து பணம் போனால், பின்னால் கணக்குக் கேட்கும்போது நட்பு கெடும். சபா இன்னும் பதிவாகவில்லை என்றால், தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து பதியலாம். பதிவு தேவைப்படுவது உங்கள் சபாவுக்கு. நான்கு ஊர்க் கூட்டுக்குத் தனிப்பதிவு தேவையில்லை.

தொடர்புக்கு இரண்டு பேரின் எண்ணைக் கொடுங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலே வேலை நின்றுவிடும்.

2. யாரைச் சேர்ப்பது: நான்கிலிருந்து ஆறு, அதற்கு மேல் வேண்டாம்

வரைபடத்தை எடுத்து ஒரு கோடு போடுங்கள். திருச்சி, கரூர், ஈரோடு, கோவை ஒரு கோடு. திருச்சியிலிருந்து கரூர் சுமார் 80 கிலோமீட்டர், அங்கிருந்து ஈரோடு 65, அங்கிருந்து கோவை 100. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் இன்னொரு கோடு. ஊருக்கு ஊர் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால், காலையில் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி மதியம் தூங்கி மாலையில் மேடையேற முடியும். அதைத் தாண்டினால் கலைஞர் களைத்துப்போய்தான் உட்காருவார். அது கச்சேரியைத் தொடங்கும் வர்ணத்திலேயே தெரியும்.

கோட்டில் ஓர் ஊராவது ரயிலும் விமானமும் வந்துபோகும் ஊராக இருக்கட்டும். வரவும் திரும்புதலும் அங்கே முடிச்சுப் போடப்படும்.

மிக அருகில் உள்ள ஊர்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கோவையும் திருப்பூரும் சுமார் 50 கிலோமீட்டர்தான். ரசிகர்கள் ஒரே பேருந்தில் வந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வாரம் ஒரே கலைஞர் என்றால், ஒரு அரங்கம் பாதி காலியாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரோடு மைக்செட், ஜமுக்காளம், தன்னார்வலர்கள் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள், கலைஞரை வேண்டாம்.

முதல் தொடர்பு எப்படி? அவர்கள் விழாவுக்குப் போய் ஒரு கச்சேரியை முழுதாகக் கேளுங்கள். ஆனால் அன்றைக்குப் பேச்சை எடுக்காதீர்கள். விழா நாளில் செயலாளரின் மண்டைக்குள் ஜெனரேட்டர் டீசலும் இரவுச் சாப்பாட்டு எண்ணிக்கையும்தான் ஓடும். விழா முடிந்து பத்து நாள் கழித்து ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். கரூரில் பிப்ரவரியில் மூன்று நாள் இசை விழா நடத்துகிறோம். 12 முதல் 20 வரை எந்தத் தேதியும் எங்களுக்குச் சரி. உங்கள் அடுத்த விழாத் தேதி முடிவாகிவிட்டதா? ஒரு வீணைக் குழுவை இரண்டு ஊரும் சேர்ந்து அழைத்தால் வண்டிச் செலவு வெகுவாகக் குறையும். ஞாயிறு காலை 10 மணிக்குப் பேச வசதிப்படுமா?"

இந்தச் செய்தியில் உங்கள் தேதி நெகிழ்வு, அவருக்குக் கிடைக்கும் லாபம், பேச ஒரு நேரம் எல்லாம் இருக்கின்றன. "நாம் இணைந்து கலையை வளர்ப்போம்" என்று எழுதினால் "கண்டிப்பாக சார்" என்று பதில் வரும். அதோடு முடிந்துவிடும்.

3. தேதித் தாள்: கலைஞர் பெயருக்கு முன்பே

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். நான்கு செயலாளர்களும் முதல் கூட்டத்தில் "யாரைக் கூப்பிடலாம்" என்று ஆரம்பிப்பார்கள். ஆளுக்கு ஐந்து பெயர் சொல்வார்கள், ரசனைச் சண்டை வரும், தேதி பேசாமலே கலைந்துவிடுவார்கள். தேதி பொருந்தாவிட்டால் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு தாளில் (கூகுள் ஷீட் ஆனாலும் சரி, நோட்டுப் புத்தகம் ஆனாலும் சரி) ஊருக்கு ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்றில் ஒரு சொல்: உறுதி, நகர்த்தலாம், முடியாது. திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். நான்கு பேர் திருத்தினால் எது கடைசித் தேதி என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு அந்தத் தாளின்மேல் இவற்றைக் குறியுங்கள்:

சென்னையின் மார்கழி இசை சீசன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நல்ல பக்கவாத்தியக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு, மூன்று கச்சேரி வாசிப்பார்கள். பாடகர் ஒப்புக்கொண்டாலும் மிருதங்கம் கிடைக்காது.

திருவையாறு தியாகராஜர் ஆராதனை. புஷ்ய பகுள பஞ்சமித் திதிக்கு ஏற்ப ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், போன வருட நோட்டீஸைப் பார்க்காதீர்கள்.

அமெரிக்கப் பயணம். கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை வசந்த காலத்தில் நடப்பதால், அதையொட்டி மார்ச் கடைசியிலிருந்து மே வரை பலர் ஊரில் இருக்க மாட்டார்கள்.

ராமநவமி, நவராத்திரி, கார்த்திகையில் குருவாயூர் செம்பை சங்கீதோற்சவம். இவை இடைஞ்சலாகவும் இருக்கும், வாய்ப்பாகவும் இருக்கும். குருவாயூரில் பாடிவிட்டுத் திரும்பும் கலைஞர் பாலக்காட்டு வழியாகத்தான் கோவைக்கு வருவார். அவரைக் கேட்டால் பாதி வழிச்செலவு மிச்சம்.

நாகஸ்வரம், தவில் என்றால் முகூர்த்த நாட்களை அடித்துவிடுங்கள். ஒரு கல்யாணத்துக்குக் கிடைக்கும் தொகைக்கு முன் சபா சன்மானம் நிற்காது. தெருக்கூத்துக் குழுக்களுக்கு வட மாவட்டங்களில் பங்குனியிலிருந்து ஆடிவரை பாரதக் கூத்து வேலை இருக்கும். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் இருப்பதால் பறை, கரகக் குழுக்களும் கிடைப்பது கடினம்.

பள்ளி அரங்கத்தில் விழா என்றால் மார்ச் பொதுத்தேர்வு. தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய ஆண்டென்றால் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தபின் அனுமதி வாங்குவது தாமதமாகும்.

இத்தனையையும் அடித்த பிறகு சிறு ஊர் விழாவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு காலம்: ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிய, ஜூலை முதல் நவராத்திரிக்கு முன்பு வரை. பிப்ரவரி விழாவுக்கு முந்தைய ஜூனிலேயே தேதித் தாளை முடித்துவிடுங்கள். செப்டம்பருக்கு மேல் போனால் கலைஞர்கள் மார்கழி யோசனையில் இருப்பார்கள். ஃபோனை எடுப்பார்கள், பதில் மட்டும் வராது.

சனி, ஞாயிறு யாருக்கு? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நான்கு ஊர்ச் சுற்றில் இரண்டு ஊருக்கு வியாழனும் வெள்ளியும்தான் கிடைக்கும். இந்த ஆண்டு வியாழன் எடுத்த ஊருக்கு அடுத்த ஆண்டு சனி என்று அதே தாளின் கீழே எழுதிவையுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் ஒரு வருடத்தில் எல்லாருக்கும் வேறு வேறு ஞாபகம் இருக்கும்.

4. கலைஞரிடம் ஒருவர் மட்டும் பேச வேண்டும்

நான்கு பேரும் தனித்தனியே அழைத்தால் கலைஞருக்கு அது நான்கு தனிக் கச்சேரி. நான்கு தேதி கொடுப்பார், அவை கோடாக அமையாது. எனவே பேசுபவர் ஒருவரே. அந்தக் கலைஞரையோ குருவையோ முன்பே அறிந்தவர் என்றால் நல்லது.

பேச்சின் வரிசை: முதலில் தேதி வரம்பு, அடுத்து எந்தெந்த ஊர், அடுத்து தங்குமிடம், வண்டி, கடைசியில் சன்மானம். பணத்தை முதலில் பேசினால் தனிக் கச்சேரிக் கட்டணமே மனதில் நின்றுவிடும். நான்கு நாள் அலைச்சல் எப்படி எளிதாகிறது என்பதைக் கேட்ட பிறகு பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

"நான்கு கச்சேரி தருகிறோம், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பேரம் பேச வேண்டாம். கூட்டாகச் சேர்வதில் நியாயமான மிச்சம் வழிச்செலவிலும் அறை வாடகையிலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சன்மானத்தில் கைவைத்தால், அடுத்த ஆண்டு உங்கள் சுற்றுக்கு வர ஆள் யோசிப்பார். ஊருக்கு ஊர் சன்மானம் வேறாக இருக்கலாம். ஆனால் எந்த ஊர் எவ்வளவு தருகிறது என்பது நான்கு ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காரில் போகும்போது பக்கவாத்தியக்காரர் வாயிலிருந்து அது தெரியவந்தால் நன்றாக இருக்காது.

பக்கவாத்தியங்களுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். சிலர் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பார்கள், சிலர் சபாவே ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பார்கள். இதைக் கேட்காமல் விட்டு, கச்சேரி முடிந்து உறை கொடுக்கும் நேரத்தில் கடம் வாசித்தவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து விழிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தொடர்ந்து எத்தனை நாள்? வாத்தியக் குழு நான்கு நாள் தாங்கும். வாய்ப்பாட்டு என்றால் மூன்று நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வைக்காதீர்கள். நான்காவது ஊர் இருந்தால் இடையில் ஓய்வுநாள் விடுங்கள், அந்த நாளின் அறை, சாப்பாட்டுச் செலவைப் பொதுச் செலவில் சேருங்கள். நடனத்துக்கும் இதே கணக்கு, காரணம்தான் வேறு: ஒவ்வொரு ஊரிலும் ஒளியமைப்புக்கும் இட அளவுக்கும் பகலில் ஒத்திகை வேண்டும்.

கலைஞர் "பார்க்கிறேன்" என்றால், பத்து நாள் என்று ஒரு கெடு சொல்லி அதுவரை நான்கு ஊரும் அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். கெடு சொல்லாத "பார்க்கிறேன்" ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நீளும்.

5. வழிச்செலவைப் பிரிக்கும் கணக்கு

முதல் சுற்றிலேயே கூட்டு உடைவது பெரும்பாலும் இங்கேதான். எளிது என்று சமமாகப் பிரிப்பார்கள். ஆனால் சென்னைக்கு அருகில் இருக்கும் ஊர் தொலைவில் இருக்கும் ஊரின் செலவைச் சுமப்பதாக உணரும். அந்த உணர்வு தவறும் அல்ல.

சரியான வழி: ஒவ்வோர் ஊரும் தனியாக அழைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று முதலில் கணக்கிடுங்கள். கூட்டுச் செலவை அந்த விகிதத்தில் பிரியுங்கள். எல்லாருக்கும் ஒரே சதவீதம் மிச்சமாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு (கட்டணங்கள் புரிவதற்காக வைத்தவை, உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஐந்து பேர் கொண்ட வீணைக் குழு, ஒரு பெரிய கார், கிலோமீட்டருக்கு 20 ரூபாய். தனித்தனியாக அழைத்தால் போக, வர:

திருச்சி 16,000
கரூர் 20,000
ஈரோடு 20,000
கோவை 24,000
மொத்தம் 80,000

கூட்டுச் சுற்று: சென்னை, திருச்சி, கரூர், ஈரோடு, கோவை, திரும்பச் சென்னை. ஓடும் தூரம் சுமார் 1,075 கிலோமீட்டர். வியாழன் காலை கிளம்பித் திங்கள் திரும்பினால் ஐந்து நாள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: வெளியூர் வாடகை வண்டிக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடும் வழக்கம் உண்டு. ஆகவே பில் 1,250 கிலோமீட்டருக்கு வரும், அதாவது 25,000 ரூபாய். டிரைவர் பேட்டா நாளுக்கு 500 என்றால் 2,500. சுங்கம், பார்க்கிங், வழியில் காபி, டிபன் 4,500. மொத்தம் 32,000.

80,000 ஆகியிருக்க வேண்டியது 32,000 ஆனது, அதாவது 40 சதவீதம். ஆகவே திருச்சி 6,400, கரூர் 8,000, ஈரோடு 8,000, கோவை 9,600. சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 8,000. திருச்சி 1,600 கூடுதலாகக் கொடுத்திருக்கும், கோவை அதே 1,600 குறைவாகக் கொடுத்திருக்கும். தொகை சிறிதுதான். ஆனால் இரண்டாவது ஆண்டு திருச்சி வராமல் போக அது போதும்.

ஓடாத கிலோமீட்டருக்கும் பணம் போகிறது என்பதால், வண்டியைச் சுற்று முழுக்கக் கூடவே வைத்திருப்பதா, ரயிலில் வரவழைத்து ஊருக்கு ஊர் உள்ளூர் வண்டி பிடிப்பதா என்று இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்கள். வீணை, மிருதங்கம், கடம் என்று உடையக்கூடிய வாத்தியங்கள் இருந்தால் கூடவே ஒரு வண்டி இருப்பதுதான் நிம்மதி. கூத்துக் குழு என்றால் பன்னிரண்டு, பதினைந்து பேரோடு ஆபரணப் பெட்டிகளும் வரும். வேன் தவிர வேறு வழியில்லை.

பொதுச் செலவில் வருபவை: வண்டி, ஓய்வுநாள், பொதுவாக வரும் ஒலி அமைப்பாளரின் சம்பளம். அந்தந்த ஊரே ஏற்பவை: சன்மானம், அறை, சாப்பாடு, அரங்கம், மேடை, மாலை, சால்வை. இந்தக் கோட்டை அழிக்காதீர்கள். ஓர் ஊர் நட்சத்திர ஓட்டலில் அறை போட்டால் அந்தப் பில் மற்ற மூன்று ஊருக்கும் வரக் கூடாது.

6. எழுத்தில் ஒரு பக்கம்

முத்திரைத்தாள் தேவையில்லை. நான்கு செயலாளர்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும், அல்லது எல்லாரும் "சம்மதம்" என்று பதில் போட்ட ஒரு மின்னஞ்சல்.

அதில் கட்டாயம் இருக்க வேண்டியது விலகலுக்கான விதி. கச்சேரிக்கு 21 நாளுக்குள் ஓர் ஊர் விலகினால், வண்டிச் செலவில் அதன் பங்கை அது கொடுத்தே ஆக வேண்டும். ஏனென்றால் வண்டி எப்படியும் ஓடும், சுமை மீதி மூவர்மேல் விழும். அதற்கு முன்பே விலகினால், தாங்கள் ஏற்கெனவே அட்வான்ஸாகக் கொடுத்ததை மட்டும் இழக்கட்டும்.

அடுத்தது ஒளிபரப்பு. முதல் ஊர் கச்சேரியை யூட்யூபில் நேரலையாகப் போட்டுவிட்டால், அதே உருப்படிகளைக் கேட்க மற்ற ஊரில் ஆள் குறையும். கலைஞர் சம்மதித்தாலும் கடைசி ஊர் முடியும்வரை முழுப் பதிவு வெளியாகக் கூடாது, இரண்டு நிமிடத் துணுக்குகள் போடலாம் என்று எழுதுங்கள்.

கலைஞருக்கு உடல்நலக் குறைவு என்றால் மாற்றுக் கலைஞரை யார் தேடுவது, திறந்தவெளி மேடை என்றால் மழைக்கு மாற்று இடம் எது, ஸ்பான்சர் பேனர் அந்தந்த ஊரில் மட்டுமா என்பவற்றுக்கும் தலா ஒரு வரி எழுதுங்கள்.

7. மேடை, ஒலித் தாள்

கலைஞரிடம் ஒருமுறை கேட்டு எழுதிய தாளை நான்கு ஊர் மைக்செட்காரர்களுக்கும் அப்படியே அனுப்புங்கள். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு அடிப்படைத் தேவை: பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு (வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும்), கடம் அல்லது கஞ்சிராவுக்கு ஒன்று, தம்பூரா அல்லது சுருதிப்பெட்டிக்கு ஒன்று. ஆக ஆறு மைக், ஒரு உபரி. மானிட்டர் (கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) இரண்டு, முடிந்தால் மூன்று. அதில் பாடுபவருக்கு எதிரில் இருப்பதில் சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும்.

வீணைக்குக் கான்டாக்ட் மைக் (வாத்தியத்தின் மேலேயே ஒட்டுவது) அவர்களே கொண்டுவருகிறார்களா என்று கேளுங்கள். நாகஸ்வரம், தவிலுக்குச் சிறிய அரங்கில் மைக்கே வேண்டாம். உள்ளூர்க்காரர் பழக்கத்தில் முழு ஒலியில் வைத்துவிடுவார், முதல் வரிசை எழுந்து பின்னால் போய்விடும். பரதநாட்டியத்துக்குச் சிமெண்ட் தரையில் நேரடியாகக் கம்பளம் விரிக்காதீர்கள். முழங்காலுக்குக் கேடு, கம்பளம் நகர்ந்தால் விழவும் நேரும். மரச்சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்த தளம் நல்லது, சுமார் 24 அடிக்கு 20 அடி.

மின்சாரத்தில் ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் கேளுங்கள். ஒரே லைனில் டிம்மர் விளக்கும் மிக்சரும் இருந்தால் சபை முழுக்க "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் ஓடும். அது சுருதிக்குப் பக்கத்தில் நின்று கலைஞரைக் கொல்லும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை முதல்நாளே எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

வசதி இருந்தால் ஒரே ஒலி அமைப்பாளரைச் சுற்று முழுக்கக் கூட்டிச்செல்லுங்கள். உபகரணம் உள்ளூருடையது, கை மட்டும் ஒருவருடையது. முதல் ஊரில் 45 நிமிடம் எடுத்த ஒலிச் சோதனை மூன்றாம் ஊரில் பதினைந்து நிமிடத்தில் முடியும். கூட்டுச் செலவில் இதற்குப் போடும் பணம் வீண் போகாது.

8. அனுமதி, உரிமை, வரி

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி ஊருக்கு ஊர் தனியாக வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். அந்தத் தளர்வு உங்கள் நாளுக்கு இருப்பதாக நீங்களே எண்ணிக்கொள்ளாதீர்கள். விடியவிடிய நடக்கும் கூத்தை ஒலிபெருக்கியோடு வைக்க நினைத்தால், மாலை 6 முதல் 10 வரை ஆடத்தக்க ஒரு பகுதியைக் குழுவிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

பாடலுக்கான உரிமை: இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. தியாகராஜர் கீர்த்தனைகளுக்குச் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார் என்பதால் அவர் பாடல்களுக்கான காலம் 2033 முடியும்வரை. திரைப்பாட்டு மெல்லிசை நிகழ்ச்சி என்றால் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் பற்றி விசாரித்துச் செலவில் சேருங்கள்.

பணத்தை ஒரே கணக்கில் திரட்டி மொத்தமாகக் கலைஞருக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சபாவும் தன் கச்சேரிக்குத் தானே கொடுத்து, தானே ரசீது வாங்கட்டும். செவ்வியல், நாட்டார் இசை, நடன, நாடக நிகழ்த்துகைக்கான கட்டணம் 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அது ஒரு நிகழ்த்துகையின் கட்டணத்தை வைத்துப் பார்ப்பது. நான்கு கச்சேரியின் தொகை ஒரே பில்லில் போனால் தேவையில்லாத கேள்வி எழும். டிடிஎஸ் பிடிப்பும் (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) சபாவுக்குச் சபா தனி. தொழில்முறைக் கட்டணத்துக்கான வரம்பு 2025 ஏப்ரல் முதல் நிதியாண்டுக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் 10 சதவீதம். உங்கள் சபாவுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டு, பிடிப்பு உண்டென்றால் அதைக் கலைஞரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உறையைப் பிரித்த பிறகு தெரிய வேண்டாம்.

9. சுற்று நடக்கும்போது: இரவுச் செய்தி

கச்சேரி முடிந்து கலைஞர்கள் அறைக்குப் போனதும், அந்த ஊர்க்காரர் அடுத்த ஊர்க்காரருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், யாருக்குத் தொண்டை சரியில்லை, யாருக்கு வெந்நீர், யாருக்குக் காரம் ஆகாது, எந்த மைக் தகராறு செய்தது, என்ன பொருள் விட்டுப்போனது, டிரைவர் எண் என்ன. ஐந்தே வரி.

இது இல்லாவிட்டால் நான்கு ஊரிலும் ஒரே தவறு நான்கு முறை நடக்கும். ஒவ்வோர் ஊரும் கலைஞரிடம் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

விருந்தோம்பலில் மட்டும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். நான்கு ஊரிலும் நான்கு வீட்டில் விருந்து என்றால் மனுஷன் தூங்குவது எப்போது? சுற்றுக்கு ஒரு வீட்டு விருந்து போதும்.

10. முடிந்த ஏழு நாளுக்குள் கணக்கு

பில்களின் படங்களோடு பொதுச் செலவுக் கணக்கை ஏழு நாளுக்குள் அனுப்பி, பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். ஒரு மாதம் ஆனால் கேட்பவருக்குக் கூச்சம், கொடுப்பவருக்கு மறதி.

பதினைந்து நாளுக்குள் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஒவ்வோர் ஊரும் சொல்ல வேண்டியது: முதல் அரைமணியில் எத்தனை பேர், கடைசி உருப்படிக்கு எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு செலவு, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள். "அரங்கம் நிரம்பி வழிந்தது" என்பது கணக்கில் வராது. எண்ணியதைச் சொல்லுங்கள். நூறு பேரை எதிர்பார்த்தோம், எண்பது பேர்தான் வந்தார்கள் என்று ஒருவர் உள்ளதைச் சொன்னால் மற்றவரும் சொல்வார்.

ஒரு சுற்று நன்றாக முடிந்த பிறகு அடுத்தவற்றுக்குப் போகலாம். ஊருக்கு ஒரு இளம் கலைஞரை மற்ற மூன்று ஊருக்கு அனுப்பும் பரிமாற்றம் செலவு குறைந்தது, உள்ளூர் ரசிகர்களையும் இழுக்கும். தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையத்துக்கோ தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கோ எழுதும்போது, நான்கு ஊரும் தொடர்ச்சியான தேதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வெளிமாநிலக் குழுவை ஒரு மாலைக்காக அனுப்புவதைவிட நான்கு மாலைக்கு அனுப்புவது அவர்களுக்கும் நியாயப்படுத்த எளிது.

வேறு ஊர் விழாக்காரர்களைப் பார்க்க டிசம்பரில் சென்னைக்குப் போங்கள், ஆனால் மாலையில் வேண்டாம். காலையில் மியூசிக் அகாதெமியின் விளக்கவுரைகளிலும், கிருஷ்ண கான சபாவின் நாட்டிய கலா மாநாட்டிலும், சபா கேண்டீன் வரிசையிலும்தான் ஆற அமரப் பேச ஆள் கிடைப்பார்கள். நாடகக்காரர்களுக்குத் திருச்சூரில் நடக்கும் கேரள சர்வதேச நாடக விழா அப்படி ஓர் இடம். ஒரு பக்கத் தாளின் இருபது பிரதிகளோடு போங்கள். நூறு விசிட்டிங் கார்டு வாங்கி வருவதைவிட, தேதி பொருந்துகிற மூன்று பேரைக் கண்டுபிடித்துத் திரும்புவது மேல்.

நன்கொடையாளர் பட்டியலை மட்டும் எந்தக் கட்டத்திலும் பகிர வேண்டாம். உங்கள் ஊர் நகைக்கடைக்காரருக்கு அடுத்த ஊர்ச் செயலாளரிடமிருந்து ஃபோன் போன அன்றைக்கு, தேதித் தாளையும் யாரும் திறக்க மாட்டார்கள்.